மேல என்றால் மேற்கு

மதுரைக்காரர்களுக்கு இடது வலது கிடையாது. எல்லாம் கிழக்கு மேற்கு வடக்கு தெற்குதான். பந்தியில் உட்கார்ந்தால், "கொஞ்சம் மேக்க தள்ளி உக்காருங்க" என்பார்கள். கட்டிலில் படுத்திருப்பவரிடம், "தெக்க தள்ளிப் படு, சுவர் ஈரமா இருக்கு" என்பார்கள். என் வீட்டுக்காரர் ஒருதடவை பல் டாக்டரிடம் போய், "வடக்குப் பக்கம் கடைவாய்ப் பல்லு வலிக்குது" என்று சொல்லிவிட்டார். டாக்டரும் உள்ளூர்க்காரர். நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சரியான பல்லைத்தான் தட்டினார்.

அதிலும் கிழக்கு என்றால் கீழ, மேற்கு என்றால் மேல. கீழமாசி வீதி, மேலமாசி வீதி என்று ஊரே அப்படித்தான் பேர் வைத்திருக்கிறது. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சாய்கிறது. வைகைத் தண்ணீர் அந்தச் சாய்வில்தான் வருகிறது. அதனால் மேற்கு மேல, கிழக்கு கீழ. இதை முப்பது வருஷம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சராக நின்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த ஒரு வார்த்தையே நேபாளத்தில் என் காலை வாரிவிடும் என்று யார் கண்டது.

நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. ரிட்டயர் ஆன மறுநாளே வீட்டில் சொல்லிவிட்டேன். மதுரையில் கிளம்பி, நேபாளத்துக்குள் நுழைந்து, இமயமலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும் காளி கண்டகி ஆற்றோரமாகவே போய், மலைக்கு அந்தப் பக்கம் நிற்கவேண்டும். போவது காரில். ஓட்டுவது நான். இது இந்தியா, இது நேபாளம், இது திபெத் என்று குச்சியால் மேப்பைத் தட்டியே ஆயுசைக் கழித்தவள், ஒரு நாட்டு எல்லையையும் தாண்டியதில்லை. அதிகபட்சம் குமுளி செக்போஸ்ட். அதைத் தாண்டினால் கேரளா, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் கோர்ட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஓட்டவும் ஆசையில்லை. "போவோம்" என்றார், அதோடு சரி. குறுக்கே நின்றது என் அண்ணன்தான்.

அண்ணன் அரசு பஸ் டிரைவர். ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று தட்டையான ரோட்டிலேயே முப்பத்திரண்டு வருஷம் ஓட்டி, ஒரு கீறல்கூட இல்லாமல் ரிட்டயர் ஆனவர். எனக்கு அறுபது ஆகப்போகிறது, இன்னும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவரிடம்தான் முதலில் கார் பழகினேன். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கரும்பு ஜூஸ் வண்டியில் என் கார் கண்ணாடி உரசி, நாலு கிளாஸ் கீழே விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. அண்ணன் கையை நீட்டிச் சாவியைப் பிடுங்கிவிட்டார். "எறங்கு. உனக்கெல்லாம் போர்டும் சாக்பீஸும் போதும்" என்றார். குளத்துப் படியில் காற்று வாங்க வந்த கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். அன்றைக்கு நான் பட்ட அவமானம் இன்றைக்கும் ஆறவில்லை.

இரண்டு வருஷம் கழித்து யாருக்கும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தேன். கோச்சடையில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நானே ஓட்டிப் போனேன். அண்ணன் அதைக் கண்டுகொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நேபாளம் என்றதும்தான் வாயைத் திறந்தார்.

"நானும் வாரேன். முன் சீட்டுல உக்காருவேன். நீயே ஓட்டு, வேண்டாங்கல. ஆனா ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு நடந்துச்சு, சாவி என் கைக்கு வந்துரணும். அப்புறம் ஊர் திரும்புற வரைக்கும் கேக்கக்கூடாது."

"சரி" என்றேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் உட்கார்ந்திருக்கும். யோசிக்காமல் கோபத்தில் சொன்ன சரி அது.

ஐப்பசியில் கிளம்பினோம். எங்கள் ஊரில் மழை பிடிக்கிற மாதம்தான் அங்கே மழை ஓய்ந்து வானம் வெளுக்கிற மாதம். கிளம்பும் முன்னால் ஒரு ஜெபம் பண்ணினோம். பக்கத்து வீட்டம்மா கேட்டில் நின்று, "முக்திநாத் சாமி இருக்கிற மலைக்கு வேதக்காரங்க போறீக, நாங்க இங்கன கெடக்கோம். சாமிய விட்டுட்டு ஆத்தையும் கல்லையும் பாக்கப் போறீகளாக்கும்" என்று கேலி பண்ணினார். ஆமாம், அதற்குத்தான் போகிறேன் என்றேன்.

ஊருக்கு வெளியே நாலு வழிச்சாலையில் ஏறினால் வடக்கே நூல் பிடித்த மாதிரி போகிறது. அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். லாரி பக்கத்தில் வந்தால் வலது கால் அழுந்தும். ஐதராபாத் தாண்டுவதற்குள் அந்தப் பக்கத்து மிதியடி நைந்துபோனது. ஆனால் குற்றம் சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவருக்கு ஒரு குறையாக இருந்தது.

ஒவ்வொரு ஆற்றுப் பாலத்திலும், "இது எங்கிட்டு ஓடுது?" என்று கேட்பார். காவிரி கிழக்கே. கிருஷ்ணா கிழக்கே. கோதாவரி கிழக்கே. அவருக்குத் திருப்தி. ஜபல்பூர் பக்கம் நர்மதை வந்தது. "இது மேக்க ஓடுதுண்ணே" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆறு எப்படி பாப்பா மேல போகும்?"

"மேல இல்லண்ணே, மேக்க. இங்க நிலம் மேக்க சாஞ்சிருக்கு. அரபிக் கடலுக்குப் போகுது."

"அதான், மேல போகுதுங்குற." பின்னால் திரும்பி, "ஏன் மாப்ள, உம்ம பொண்டாட்டி என்னமோ சொல்றா" என்றார். என் வீட்டுக்காரர், "சரியாத்தான் இருக்கும் மச்சான்" என்றார். அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. அன்றைக்கு முழுக்க நர்மதை மேல் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

காசி, கோரக்பூர் வழியாக ஏழாம் நாள் சுனௌலி எல்லைக்கு வந்தோம். நான் என்னவோ எதிர்பார்த்திருந்தேன். போர்டில் இந்தியாவின் வட எல்லையைச் சிவப்பு சாக்பீஸில் போட்டதும் அதை ஒட்டியே மலைகளை வரைவேன். கோட்டைத் தாண்டினால் மலை என்றுதான் என் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கே வந்தால் ஒரு அலங்கார வளைவு, லாரி வரிசை, சைக்கிள் ரிக்‌ஷா, புழுதி. வண்டிக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வளைவைத் தாண்டினால் அந்தப் பக்கமும் அதே தட்டை நிலம், அதே நெல் வயல், அதே எருமை. எல்லைக் கோடு மலையில் ஓடவில்லை, வயல்காட்டில் ஓடுகிறது. முப்பது வருஷம் தப்பாக வரைந்திருக்கிறேன்.

ஆனால் அந்த வளைவுக்குக் கீழே வண்டி நுழைந்தபோது ஸ்டியரிங் என் கையில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் பார்க்கக்கூடாது என்று கண்ணாடியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்க்கவும் இல்லை. நேபாளத்தில் கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷம் முன்னால் தள்ளவேண்டும் என்று சொன்னதிலிருந்து அவர் கைக்கடிகாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "அரை மணி நேரம்னா ஒரு நியாயம். அதென்ன கால் மணி? டைம் கீப்பர் தூங்கிட்டானா?" என்றார்.

புட்வல் என்ற ஊரில்தான் மலை ஆரம்பிக்கிறது. சமவெளி முடிகிற இடத்தில் ஒரு சுவர் எழும்பி நிற்கிறது. அதற்குமேல் வளைவுக்கு வளைவு, ஒரு மலை ஏறி இறங்கினால் அடுத்த மலை. இரண்டு நாளில் என் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. இருந்தும் ஒரு தப்பு பண்ணவில்லை. போக்ரா வந்து, அங்கிருந்து பேனி வந்து ராத்தங்கினோம்.

பேனியில் இரண்டு ஆறுகள் சேருகின்றன. வடக்கேயிருந்து காளி கண்டகி வருகிறது. மேற்கேயிருந்து மியாக்தி என்று இன்னொரு ஆறு வருகிறது. இரண்டு ஆற்றங்கரையிலும் ரோடு உண்டு. நாங்கள் போகவேண்டியது வடக்கே போகும் ரோடு. இதெல்லாம் எனக்கு மேப்பில் மனப்பாடம். ஆனால் தெருவில் நிற்கும்போது மேப்பு கால்மாட்டில் விரிந்து கிடப்பதில்லையே. போக்ராவில் வாங்கிப் போட்ட சிம்மில் காலையிலிருந்து சிக்னல் இல்லை. என் வீட்டுக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "சுத்துது, சுத்துது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்குள் ரோடு பிரிகிற இடத்துக்கு முன்னால் டீக்கடையில் நிறுத்தி, எனக்குத் தெரிந்த டியூஷன் இந்தியில், அந்த வடக்கு ரோட்டில் போனால் வரும் முக்திநாத்துக்கு வழி கேட்டேன். கடைக்காரர் கையை உயர்த்தி, "ஊபர், ஊபர்" என்றார். அண்ணன், "என்னங்கறான்?" என்று கேட்டார்.

"மேல போகச் சொல்றாரு."

"மேலயா? சரி, எடு."

ரோடு பிரிந்தது. அண்ணன் தலையை வெளியே நீட்டிச் சூரியனைப் பார்த்தார். பிறகு கையைக் காட்டினார், நான் திருப்பினேன். அவர் காட்டினது மேற்கு. நான் திருப்பினதும் மேற்கு. மேல என்றால் வேறெங்கே திருப்புவது? கோச்சடையில் பிறந்து வளர்ந்த உடம்பு, மூளையைக் கேட்காமல் தானாகத் திரும்பிவிட்டது.

ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். பக்கத்தில் ஆறு, நல்ல தெளிந்த தண்ணீர். படிப்படியாக நெல் வயல், கல் வீடுகள், ரோட்டில் ஆடுகள். அண்ணன் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். "வெயில் முதுகுல அடிக்குது பாரு. கரெக்டா மேல போயிக்கிட்டிருக்கோம்" என்றார்.

அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது, ஆனால் மண்டையில் ஏறவில்லை. ஒரு வளைவு திரும்பியதும் வலது பக்கம் மலை இடுக்கில் பனிமலை தெரிந்தது. வெள்ளை வெளேரென்று, நம்பமுடியாத உயரத்தில். தவுளகிரி. படத்தில் எத்தனை தடவை பார்த்த மலை. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "அடேயப்பா" என்றார்.

வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன்.

காளி கண்டகியோரமாக வடக்கே போனால் இடது பக்கம் தவுளகிரி, வலது பக்கம் அன்னபூர்ணா. அந்த இரண்டு மலைக்கும் நடுவில் ஆறு வரும். வருஷா வருஷம் இதைச் சொல்லியிருக்கிறேன். இங்கே தவுளகிரி வலது பக்கம் நிற்கிறது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. முற்பகல் வெயில் முதுகில் அடித்தால் நாங்கள் போவது மேற்கு. கீழே ஓடுகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறது. காளி கண்டகி என்றால் கறுப்புத் தண்ணீர், மலைக்குப் பின்னாலிருந்து கறுப்பு வண்டலை அள்ளிக்கொண்டு வரும் ஆறு. இது மியாக்தி.

"அண்ணே, வேற ஆத்துல வந்துட்டோம்" என்றேன்.

"மேலதான பாப்பா போகச் சொன்னான்?"

"அவரு சொன்ன மேல வேறண்ணே. ஒசரத்தைச் சொன்னாரு. இந்த ஊர்ல வடக்கதான் ஒசரம். மேக்க இல்ல."

அண்ணன் கையை நீட்டினார். "சாவியக் குடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கையைக் காட்டுனது யாரு? நீங்கதான காட்டுனீங்க?" என்றேன்.

"நான் காட்டுனா? ஸ்டியரிங் யார் கையில இருந்துச்சு?" என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, கோர்ட்டுல இருந்தவரு, நீரே சொல்லும்."

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "தப்பு அவ மேலயும் இல்ல மச்சான், உங்க மேலயும் இல்ல. தப்பு அந்த 'மேல' மேல" என்றார்.

வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அண்ணன் சிரிக்கவில்லை, நீட்டிய கையை மடக்கவும் இல்லை. எனக்கோ மனசுக்குள் வேறொன்று குடைந்தது. அவர் பஸ் டிரைவர், அவருக்கு மேல என்றால் மேற்கு, சரி. வடக்கு எது என்று பார்க்காமல் வண்டியைத் திருப்பியது யார்? முப்பது வருஷம் பூகோளம் நடத்தின டீச்சர். இதை என் பிள்ளைகளில் ஒருத்தி பரீட்சையில் எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது. சாவியை உருவி அவர் மடியில் போட்டேன். "இந்தாங்க. நீங்களே ஓட்டுங்க."

சாவி கையை விட்டுப் போன அடுத்த நிமிஷமே, ஏன் கொடுத்தோம் என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து இத்தனை தூரம், ஒன்பது நாள், ஒரு நாடு முழுக்கத் தெற்கிலிருந்து வடக்கே தாண்டி வந்தாயிற்று. நான் ஆசைப்பட்ட பள்ளத்தாக்கு இரண்டு மணி நேர தூரத்தில் இருக்கிறது. அதற்குள் நுழையும்போது நான் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணன் வண்டியைத் திருப்பிப் பேனிக்குக் கொண்டுவந்து, வடக்கு ரோட்டில் விட்டார். நன்றாகத்தான் ஓட்டினார், இல்லையென்று சொல்லமாட்டேன். கொஞ்ச தூரத்திலேயே தார் போய் மண்ணும் கல்லும் வந்தது. ஆறு கறுத்தது. மலை இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வந்து, வானம் ஒரு கீற்றாக ஆனது. உலகத்திலேயே ஆழமான பள்ளத்தாக்குகளில் இது ஒன்று. மலை எழும்புவதற்கு முன்னாலேயே இந்த ஆறு இங்கே ஓடிக்கொண்டிருந்தது, மலை எழும்ப எழும்ப இது அறுத்துக்கொண்டே வந்தது, அதனால்தான் மலையால் இதைத் தடுக்க முடியவில்லை. வகுப்பில் இந்த இடம் வரும்போது என் குரல் உயரும் என்று பிள்ளைகள் கிண்டல் பண்ணுவார்கள். அன்றைக்கு வாயைத் திறக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ரோடு பாறையைக் குடைந்து போகிற ஒரு இடம். ஒரு வண்டி போகத்தான் அகலம். டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு நேர் கீழே ஆறு, தடுப்புச் சுவர் கிடையாது. எதிரே ஒரு பஸ் வந்து நின்றது, அதன் பின்னால் இரண்டு ஜீப். நாங்கள்தான் பின்வாங்கவேண்டும். பின்னால் கொஞ்ச தூரத்தில், பாறை ஒதுங்கிய ஒரு வளைவில், ஒரு கார் நிற்க இடம் இருந்தது. பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

அண்ணன் ரிவர்ஸ் கியர் போட்டார். கார் ஒரு அடி நகர்ந்தது, நிறுத்தினார். மறுபடி ஒரு அடி, மறுபடி நிறுத்தினார்.

"என்னண்ணே?"

"கழுத்து திரும்பல பாப்பா" என்றார், ரொம்ப மெதுவாக. எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். "அதுபோக, நான் என்னைக்குப் பின்னாடி பாத்து எடுத்திருக்கேன்? எங்க வண்டியில ரிவர்ஸ்னா கண்டக்டர் எறங்கிப் போயி விசில் ஊதுவாரு. முப்பத்திரண்டு வருசத்துல விசில் இல்லாம ஒரு அடி பின்னாடி எடுத்ததில்ல."

"நான் எறங்கி நின்னு சொல்லட்டுமா?"

கீழே ஆற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ மேல கீழன்னு ஏதாச்சும் சொல்லி வைப்ப. வேண்டாம்." ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். "நீ எடு. நான் எறங்குறேன்."

அவர் பக்கக் கதவைத் திறந்தால் நேரே ஆறுதான். அதனால் நான் முதலில் இந்தப் பக்கமாக இறங்கி நின்றேன். அவர் இரண்டு சீட்டையும் தாண்டித் தவழ்ந்து வெளியே வந்தார். பிறகு அதே வழியில் நான் தவழ்ந்துபோய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

கண்ணாடியில் அண்ணன் தெரிந்தார். காருக்குப் பின்னால் பாறையை ஒட்டிப் போய் நின்றார். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். அந்தச் சத்தம் பாறையில் மோதி எதிரொலித்தது.

"வரட்டும். வரட்டும். நேரா வரட்டும். மலைப்பக்கம் ஒடி. இன்னும் ஒடி. வரட்டும். ஹோல்டான்."

நின்றேன். என் பக்கம் எட்டிப் பார்த்தால் டயரும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை, தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர் குரல் மட்டும்தான் எனக்கு ரோடு.

"பயப்படாத பாப்பா, எடம் இருக்கு. ஆத்துப்பக்கம் ஒரு சுத்து. போதும். வரட்டும். வரட்டும்." கிழக்கும் இல்லை மேற்கும் இல்லை. மலைப்பக்கம், ஆற்றுப்பக்கம். இத்தனை நாள் கழித்து நானும் அவரும் ஒரே மேப்பில் வந்து சேர்ந்திருந்தோம்.

ஒவ்வொரு அடியாக வந்து, வளைவில் பின் சக்கரத்தை நுழைத்து, பாறையோடு பாறையாகக் காரை ஒட்டினேன். ஒரு கீறல் விழவில்லை. பஸ் எங்களைத் தாண்டும்போது கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். பஸ் டிரைவர் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னலில் குவிந்து பார்த்தார்கள். இந்தக் கூட்டமும் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஜீப்புகளும் போனபிறகு அண்ணன் வந்தார். முன் கதவைத் திறப்பார், சாவியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் பின் கதவைத் திறந்து, என் வீட்டுக்காரரைத் தள்ளி உட்காரச் சொல்லி ஏறிக்கொண்டார். காரின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.

"போலாம் ரைட்."

அதற்குமேல் முன் சீட் காலியாகவே வந்தது. நானும் வாயைத் திறந்தேன். அடைத்து வைத்திருந்த பாடம் முழுக்க வெளியே வந்தது. இடது பக்கம் தவுளகிரி வந்தது, வலது பக்கம் அன்னபூர்ணா வந்தது, சொன்னபடி வந்தது. நடுவில் நான் ஓட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் ஆக ஆகப் பின்னாலிருந்து காற்று பிடித்துத் தள்ளியது. அந்தப் பள்ளத்தாக்கில் தினமும் அப்படித்தான், அதனால் ஜோம்சோமில் விமானங்கள் காலையில் மட்டும்தான் பறக்கும் என்று சொன்னேன். அண்ணன், "டெயில் விண்டுல டீசல் மிச்சம்" என்றார்.

ஜோம்சோம் தாண்டியதும் மலை விலகியது. காடு இல்லை, பச்சை இல்லை. பழுப்பு மண், பழுப்பு மலை. ஆறு அகலக் கிடக்க, கூழாங்கல்லுக்கு நடுவில் நாலைந்து ஓடையாகத் தண்ணீர் பிரிந்து ஓடியது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வைகை மாதிரியே இருக்கே. தண்ணி ஓடுது, அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்றார்.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். மூச்சு வாங்கியது, காற்றில் நிற்க முடியவில்லை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் பனிமலைகள் எனக்குத் தெற்கே நின்றன. தெற்கே. என் வாழ்நாள் முழுக்க இமயமலை வடக்கேதான் இருந்திருக்கிறது. இப்போது அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டேன், நானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மழை மறைவுப் பிரதேசம் என்று போர்டில் எழுதுவேனே, மேகத்தை எல்லாம் மலை பிடித்து வைத்துக்கொள்ள, பின்பக்கம் காய்ந்து கிடக்கும் பூமி, அது இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் காய்ந்து கிடக்கிற எங்கள் ஊரும் அதே சாதிதான். இன்னும் வடக்கே, அந்தப் பழுப்பு மலைகளுக்கு அப்பால் திபெத். சத்தம் போட்டுச் சிரித்தேன். எனக்கு வெட்கமே இல்லை. காற்று அந்தச் சத்தத்தை அள்ளிக்கொண்டு வடக்கே போனது.

காக்பேனியில் தங்கினோம். மண் வீடுகள், மழையே பெய்யாததால் கூரையெல்லாம் தட்டை. விடுதி வாசலில் அண்ணன் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. கிடைத்த உடனே பழங்காநத்தத்திலிருந்து அவருடைய பழைய கூட்டாளிகள் வீடியோவில் கூப்பிட்டார்கள். எல்லோரும் ரிட்டயர் ஆன பஸ் டிரைவர்கள், சாயங்காலம் ஒரே டீக்கடையில் கூடுகிறவர்கள். நாலைந்து தலை ஒரு போனுக்குள் முண்டியடித்தது. ஒருவர், "அண்ணே, மலை ரோட்டுல எம்புட்டு தூரம்ணே ஓட்டுனீங்க? நம்ம டிப்போ மானத்தைக் காப்பாத்துனீங்களா?" என்று கேட்டார்.

நான் காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டிருந்தேன். பேனியிலிருந்து அந்தப் பாறை வரைக்கும் அவரும் ஓட்டினார்தான். அதைச் சொல்லிக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன். அண்ணன் போனை என் பக்கம் திருப்பினார்.

"டிரைவர் இந்தா நிக்கிறா. என் தங்கச்சி. மதுரையில இருந்து இவதான் ஓட்டுனா."

"அப்ப நீங்க என்னண்ணே பண்ணுனீங்க?"

"நானா? நான் கண்டக்டர்டா."